ஊருக்கொரு நண்பகல்: இங்கிலாந்தை ரயிலில் சுற்ற விரும்புவோருக்கு

இங்கிலாந்துக்கு முதன்முறையாகச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லண்டனைப் பார்த்தாயிற்று. இனி அந்நாட்டின் கிராமப்புறத்தையும் பழைய நகரங்களையும் காண வேண்டும். கையில் ஒரு நிலப்படம், ஒரு ரயில் கால அட்டவணை, ஏறத்தாழ ஒரு வாரம் ஓய்வு. வேறென்ன வேண்டும்?

அட்டவணையைப் பிரிக்கிறீர்கள். லண்டனில் இத்தனை மணிக்குப் புறப்படும் வண்டி ஆக்ஸ்போர்டை இத்தனை மணிக்கு அடையும். அங்கே மறு வண்டி இத்தனை மணிக்கு என்று வரிசையாக எண்கள். ஒரு எண்ணிலிருந்து இன்னோர் எண்ணைக் கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடுகிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் 1840ஆம் ஆண்டுக்கு முன் இந்தக் கழித்தல் கணக்குத் தவறான விடையைத் தந்திருக்கும். ஏனெனில் லண்டனில் ஒரு மணி, ஆக்ஸ்போர்டில் வேறு மணி, பிரிஸ்டலில் இன்னொரு மணி. ஊருக்கொரு நண்பகல் இருந்த நாடு அது.

நாடு முழுவதற்கும் ஒரே மணி என்பது சூரியன் தந்ததன்று, ரயில் தந்தது. அதைத் தருவதற்கு ரயில் ஊர்களோடு போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் தடயங்கள் இன்றும் சில நகரங்களில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கின்றன. ஆகவே அவற்றை இணைக்கும் ஒரு பயணத்தை இங்கே திட்டமிடுவோம். வழியில் ஆறும் வயலும் மாதாகோவிலும் தாமாகவே வந்து சேரும்.

நிமிடத்திற்கு 17 கிலோமீட்டர்

புறப்படுமுன் ஒரு சிறு கணக்கு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முன்னதாக உச்சிக்கு வரும். மேற்கே உள்ள ஊரில் பின்னதாக வரும்.

லண்டன் இருக்கும் அட்சரேகையில் பூமியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 24,900 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். வகுத்துப் பாருங்கள்: நிமிடத்திற்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். லண்டனிலிருந்து நேர் மேற்கே 17 கிலோமீட்டர் சென்றால் உங்கள் நண்பகல் ஒரு நிமிடம் தள்ளிப்போகும்.

இதன்படி ஆக்ஸ்போர்டு லண்டனுக்கு 5 நிமிடமும், பாத் ஒன்பதரை நிமிடமும், பிரிஸ்டல் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், எக்சிட்டர் 14 நிமிடமும் பின்தங்கியவை. கிழக்கே உள்ள நாரிச் நகரமோ 5 நிமிடம் முந்தியது.

இங்கே ஒரு நுட்பத்தையும் கூறிவிட வேண்டும். சூரியக் கடிகாரம் காட்டும் நேரமும் இயந்திரக் கடிகாரம் காட்டும் நேரமும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், பிப்ரவரியில் சூரியன் ஏறத்தாழ 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர்த் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் சராசரி கண்டு, அதற்கேற்பக் கடிகாரத்தை ஓடவிட்டனர். ஊர் நேரம் என்று இக்கட்டுரையில் சொல்வது அந்தந்த ஊரின் இந்தச் சராசரி நேரத்தையே.

பூட்டிய பெட்டிக்குள் ஒரு கடிகாரம்

ஊருக்கொரு நேரம் இருந்ததால் பழங்காலத்து மக்கள் துன்பப்பட்டார்களா? இல்லை. காரணம், எவரும் அவ்வளவு வேகமாகப் பயணம் செய்யவில்லை.

1784ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஜான் பால்மர் என்பவரின் திட்டப்படி பிரிஸ்டலிலிருந்து பாத் வழியாக லண்டனுக்கு முதல் தபால் குதிரை வண்டி ஓடியது. பயண நேரம் 16 மணி. அக்காலத்தில் இது பெரிய வேகம். பதினாறு மணி நேரத்தில் பத்து நிமிட வேறுபாடு என்றால் மணிக்கு நாற்பது விநாடி கூட இல்லை. வண்டியில் குலுங்கிய கடிகாரம் அதைவிட அதிகமாகவே தவறு செய்திருக்கும்.

ஆயினும் தபால் துறையினர் இதற்கும் ஒரு வழி கண்டிருந்தனர். வண்டியின் காவலரிடம் பூட்டிய பெட்டிக்குள் ஒரு கடிகாரம் கொடுத்தனுப்புவார்கள். வண்டி செல்லும் திசைக்கேற்ப அது வேண்டுமென்றே சற்று விரைந்தோ மெதுவாகவோ ஓடும்படி திருத்தப்பட்டிருக்கும். போய்ச் சேரும்போது அந்த ஊர் மணிக்கு ஒத்துவர வேண்டும் என்பது நோக்கம். அதாவது குதிரை வண்டி ஊரின் நேரத்துக்குப் பணிந்தது. ரயில் வண்டி பணிய மறுத்தது. இதுதான் வேறுபாடு.

முதல் நாள்: பாடிங்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு

லண்டனில் பாடிங்டன் நிலையத்துக்குச் செல்லுங்கள். இன்றுள்ள நிலையக் கட்டடம் 1854இல் திறக்கப்பட்டது. இங்கிருந்து மேற்கே செல்லும் பாதை, இசம்பார்டு கிங்டம் புரூனெல் என்னும் பொறியாளர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனத்துக்காக அமைத்தது. 1838இல் மெய்டன்ஹெட் வரையிலும், 1841 ஜூன் 30 அன்று பிரிஸ்டல் வரையிலும் வண்டிகள் ஓடத் தொடங்கின.

மெய்டன்ஹெட்டில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும்போது நீங்கள் செல்லும் பாலத்தைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. செங்கல்லால் கட்டிய இரண்டு பெரிய வளைவுகள். ஒவ்வொன்றும் 39 மீட்டர் அகலம், உயரமோ ஏழரை மீட்டர் கூட இல்லை. இவ்வளவு தட்டையான வளைவு இடிந்து விழுந்துவிடும் என்று அன்று பலர் கூறினர். இன்றும் விரைவு வண்டிகள் அதன்மேல்தான் ஓடுகின்றன. அடுத்து ரெடிங் நகரத்துக்கு முன்பாகச் சானிங் என்னுமிடத்தில் குன்றை வெட்டிய ஆழமான பள்ளத்தினூடே வண்டி செல்லும். டிட்காட் அருகே பாதை வடக்கே திரும்பி, ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்போர்டு வந்துவிடும்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் ரயிலை விரும்பி அழைக்கவில்லை. மாணவர்கள் ஒழுக்கம் கெட்டு லண்டனுக்கு ஓடிவிடுவர் என்று அஞ்சி எதிர்த்தது. எனினும் 1844இல் ரயில் வந்து சேர்ந்தது. பின்னர் ரயிலின் நேரமும் வந்தது.

இரவு ஒன்பது மணிக்குக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி வாயிலுக்குச் செல்லுங்கள். வாயிலின் மேல் உள்ள கோபுரம் கிறிஸ்டபர் ரென் வடிவமைத்தது, 1682இல் முடிந்தது. அதில் கிரேட் டாம் என்னும் பெரிய மணி தொங்குகிறது. உங்கள் கைக்கடிகாரத்தில் ஒன்பது அடிக்கும்; மணி அடிக்காது. பொறுத்திருங்கள். சரியாக 9 மணி 5 நிமிடத்துக்கு அது ஒலிக்கத் தொடங்கும். ஒன்றல்ல, இரண்டல்ல, 101 முறை. கல்லூரியில் ஒரு காலத்தில் இருந்த 101 மாணாக்கர்களின் எண்ணிக்கை அது. ஐந்து நிமிடத் தாமதம் பழுதன்று. ஆக்ஸ்போர்டின் ஊர் நேரப்படி அப்போதுதான் மணி ஒன்பது! அக்கல்லூரியின் தேவாலய வழிபாடுகளும் வழக்கமாக ஐந்து நிமிடம் கழித்தே தொடங்குகின்றன.

இந்தக் கல்லூரியில்தான் சார்லஸ் டாட்சன் என்பவர் கணிதம் கற்பித்தார். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ஆலிஸின் அற்புத உலகக் கதையை எழுதியவர் அவரே. பூமியைச் சுற்றி நண்பகலோடு கூடவே ஒருவன் ஓடிக்கொண்டிருந்தால், செவ்வாய்க்கிழமை எந்த இடத்தில் புதன்கிழமையாக மாறும் என்று அவர் கேட்டார். விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கு உலகம் பின்னர் விடை காண வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள்: பாத், பிரிஸ்டல்

ஆக்ஸ்போர்டிலிருந்து டிட்காட் திரும்பி வண்டி மாறினால் மேற்கே செல்லலாம். இடப்புறம் பசும்புல் போர்த்த சுண்ணாம்புக் குன்றுகள் தொடர்ந்து வரும். அக்குன்றுகளில் ஒன்றில், 110 மீட்டர் நீளமுள்ள வெள்ளைக் குதிரை உருவம் ஒன்று சுண்ணக்கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையானது. இதனாலேயே அப்பள்ளத்தாக்குக்கு வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று பெயர்.

சிப்பன்ஹாமைத் தாண்டினால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள பாக்ஸ் சுரங்கம். வெளியே வந்ததும் தேன்நிறக் கற்களால் கட்டிய பாத் நகரம். ரோமானியர் கட்டிய குளியல் மண்டபத்தில் இன்றும் 46 பாகை வெப்பமுள்ள ஊற்றுநீர் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பொங்கிக்கொண்டிருக்கிறது. அரை நாள் அங்கே தங்குங்கள். பிறகு பிரிஸ்டல் பன்னிரண்டு நிமிடப் பயணந்தான்.

பிரிஸ்டலில் கார்ன் தெருவில் பழைய வணிக மாளிகை உள்ளது. அதன் முகப்பிலுள்ள கடிகாரத்தை நிமிர்ந்து பாருங்கள். மணி முள் ஒன்று. நிமிட முள் இரண்டு! ஒன்று கிரீனிச் நேரத்தைக் காட்டுகிறது. மற்றொன்று பத்து நிமிடம் பின்னால் பிரிஸ்டல் நேரத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது.

இந்த இரண்டாவது முள் ஏன் தேவைப்பட்டது? 1840 நவம்பரில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நிலையங்கள் அனைத்திலும் லண்டன் நேரத்தையே கடைப்பிடிக்கத் தொடங்கியது. லண்டன் நேரம் ரெடிங் நேரத்தைவிட 4 நிமிடமும், சிப்பன்ஹாம் நேரத்தைவிட 8 நிமிடமும் முந்தியது என்று தன் அட்டவணையில் பயணிகளை எச்சரித்தது. பிரிஸ்டல்வாசி ஒருவரை நினைத்துப் பாருங்கள். அட்டவணையில் வண்டி பகல் 12 மணிக்கு. ஊர்க் கடிகாரத்தில் மணி 11.52. எட்டு நிமிடம் இருக்கிறதே என்று நிதானமாக நிலையத்துக்குள் நுழைகிறார். வண்டி புறப்பட்டு இரண்டு நிமிடமாயிற்று!

எந்த ஊர் நேரத்தையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் குழப்பமே. லண்டனிலிருந்து காலை 8 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பயணம் செய்தவர் பிரிஸ்டலில் இறங்கினால் அங்கே மணி 11.50. திரும்பும்போது அதே நான்கு மணிப் பயணம் 4 மணி 10 நிமிடமாகத் தோன்றும். குதிரை வண்டிக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பூமியின் சுழற்சியை, ரயிலின் வேகம் வெளியே இழுத்துக் காட்டிவிட்டது.

உயிர் காக்கும் ஐந்து நிமிடம்

இது வெறும் வசதிக்கான ஏற்பாடு மட்டும் அன்று. தொடக்க காலத்தில் முன்னே சென்ற வண்டி எங்கே இருக்கிறது என்று அறியும் வழி இல்லை. ஒரு வண்டி சென்று இத்தனை நிமிடம் கழித்தே அடுத்ததை விட வேண்டும் என்பதே பாதுகாப்பு விதி. அதாவது இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்று காத்தது கடிகாரம் ஒன்றுதான்.

அந்தக் காவல் தவறினால் என்ன ஆகும் என்பதை 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 காட்டியது. பிரைட்டனிலிருந்து லண்டன் நோக்கி மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. ஐந்து நிமிட இடைவெளி வேண்டும் என்பது விதி. ஆனால் மூன்றும் ஏறத்தாழ ஏழு நிமிடத்துக்குள் புறப்பட்டுவிட்டன. வழியிலிருந்த கிளேட்டன் சுரங்க வாயிலில் காவலரின் சிவப்புக் கொடியைக் கண்டு இரண்டாம் வண்டி சுரங்கத்துக்குள் நின்று, பின்னோக்கி வரத் தொடங்கியது. மூன்றாம் வண்டி அதன்மேல் மோதியது. 23 பேர் இறந்தனர். அடையாளக் கருவிகளின் குறையும் காவலர்களிடையே செய்தி பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பமும் இதில் சேர்ந்தே இருந்தன. ஆயினும், நிமிடக் கணக்கு குலைந்ததே அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. நிமிட இடைவெளிக்குப் பதிலாக, பாதையின் ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்ற முறை 1889இல் சட்டமாயிற்று.

1841ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30 அன்று லண்டன்–பிரிஸ்டல் பாதை முழுமை பெற்றது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 5 அன்று, தாமஸ் குக் என்பவர் ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். இன்றைய சுற்றுலாத் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்று அது. டிசம்பரில் மான்செஸ்டரைச் சேர்ந்த நிலப்பட அச்சாளர் ஜார்ஜ் பிராட்ஷா மாதந்தோறும் ரயில் அட்டவணை வெளியிடத் தொடங்கினார். அந்நூல் 1961 வரை வெளிவந்தது. பாதை, பயணி, அட்டவணை மூன்றும் ஒரே ஆண்டில் ஒன்று சேர்ந்தன. ஒரே நேரம் என்னும் நான்காவது பொருள் மட்டும் குறைவாக இருந்தது. 1847 செப்டம்பரில் ரயில் நிறுவனங்களின் பொதுக் கணக்கு அமைப்பு, எல்லா நிறுவனங்களும் கிரீனிச் நேரத்தையே பின்பற்றும்படி பரிந்துரைத்தது.

மூன்றாம், நான்காம் நாட்கள்: எக்சிட்டர்

பிரிஸ்டலிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரப் பயணம். சாமர்செட் தாழ்நிலத்தின் ஈரப் புல்வெளிகளும் வாய்க்கால்களும் வில்லோ மரங்களும் வழியெங்கும். இதுவே இப்பயணத்தின் அமைதியான பகுதி. எக்சிட்டரில் இரண்டு நாள் தங்குங்கள்.

இங்குள்ள பெருந்தேவாலயத்தினுள் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் முகப்பில் பூமி நடுவே அசையாமல் இருக்கும். சூரியன் அதைச் சுற்றி வரும். கோப்பர்னிக்கஸுக்கு முந்திய உலகம் அது.

1844இல் எக்சிட்டருக்கு ரயில் வந்தது. நகர மக்களில் பலர் ரயில் நேரத்துக்கு மாற விரும்பினர். ஆனால் ஊருக்கு நேரம் சொல்லி வந்தது தேவாலயக் கடிகாரம். அதன் பொறுப்பு தேவாலயத்தின் தலைமைக் குருவிடம் இருந்தது. அவர் இணங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்தது. இறுதியில் 1852 நவம்பரில் எக்சிட்டர் கிரீனிச் நேரத்துக்கு மாறியது. பிரிஸ்டலும் அதே ஆண்டு செப்டம்பரில் மாறியிருந்தது.

பிடிவாதம் என்று நாம் எளிதில் சொல்லிவிடக் கூடாது. எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போதுதான் எங்களுக்கு நண்பகல் என்று அவர்கள் கூறினர். இதில் அறிவியல் பிழை ஒன்றும் இல்லை. உண்மையில் வானியலின்படி அவர்கள் சொன்னதே சரி! 14 நிமிடம் கழித்து வர வேண்டிய நண்பகலை லண்டனுக்காக ஏன் முன்னதாக ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு, சூரியனிடம் விடை இல்லை. பொது வாழ்க்கையின் தேவையில்தான் விடை இருந்தது.

மின்சாரம் செய்த உதவி

இரு நகரங்களும் 1852இலேயே மாறியது தற்செயல் அன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் கிரீனிச் வானாய்வகத்திலிருந்து தந்திக் கம்பி வழியாக நேர அடையாளங்கள் நாட்டுக்குள் செல்லத் தொடங்கின. அதற்கு முன் லண்டன் நேரத்தைப் பிரிஸ்டலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஒரு கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் அது பிழைபடும்.

புதிய முறை எளியது. வானாய்வகத்தில், தெரிந்த விண்மீன்கள் உச்சி வட்டத்தைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியால் குறித்து, கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிப்பார்கள். அதைக்கொண்டு சார்லஸ் ஷெப்பர்டு அமைத்த தலைமை மின் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அக்கடிகாரம் குறித்த கணத்தில் மின்சுற்றை மூடும். மின் துடிப்பு தந்திக் கம்பியில் ஓடும். நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள ஊசி, அதே கணத்தில் என்று சொல்லத்தக்க விரைவில் அசையும். அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கு முன்னின்று உழைத்தார்.

இங்கே ஒரு இயற்பியல் உண்மை இருக்கிறது. இரண்டு இடங்களுக்குப் பொதுவான நேரம் வேண்டுமானால், பயணியைவிட வேகமாகச் செல்லும் ஒரு செய்தி வேண்டும். ரயில் ஒரே நேரத்தைக் கேட்டது. அதைக் கொடுத்தது தந்தி.

ஐந்தாம் நாள்: டார்செஸ்டரில் ஒரு வழக்கு

எக்சிட்டரிலிருந்து காசில் கேரியில் வண்டி மாறி டார்செஸ்டர் செல்லலாம். சிறு சிறு நிலையங்கள், வேலி கட்டிய வயல்கள், ஆட்டு மந்தைகள் என இங்கிலாந்தின் கிராமப்புறத்தை நிதானமாகக் காட்டும் பாதை.

1858ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வூர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு காலை 10 மணிக்கு விசாரணைக்கு இருந்தது. நீதிமன்றக் கடிகாரம் கிரீனிச் நேரப்படி பத்தைக் காட்டியது. பிரதிவாதி தரப்பில் எவரும் வரவில்லை. நீதிபதி வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிட்டார். சிறிது நேரத்தில் பிரதிவாதியின் வழக்கறிஞர் வந்து, ஊர்க் கடிகாரப்படி இன்னும் பத்து ஆகவில்லையே என்றார். டார்செஸ்டர் கிரீனிச்சுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம் பின்தங்கியது அல்லவா!

வழக்கு லண்டன் மேல்மன்றத்துக்குப் போயிற்று. பத்து மணி என்றால் அந்த ஊரின் பத்து மணியே என்று அம்மன்றம் கூறி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ரயில்கள், தந்தி நிலையங்கள், பெரும்பாலான ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் கிரீனிச் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க, சட்டம் மட்டும் சூரியனோடு நின்றது. 1880 ஆகஸ்டில்தான் பிரிட்டனின் சட்ட நேரம் கிரீனிச் நேரம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ரயில்வே லண்டன் நேரத்தை ஏற்று நாற்பது ஆண்டுகள் கழித்து!

ஆறாம் நாள்: கிரீனிச்

டார்செஸ்டரிலிருந்து லண்டன் திரும்பி, லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் கிரீனிச். எண்ணூற்றுக்கு மேற்பட்ட செங்கல் வளைவுகளின்மேல் செல்லும் இப்பாதைதான் லண்டனின் முதல் ரயில் பாதை. 1836இல் தொடங்கி 1838இல் கிரீனிச்சை எட்டியது.

குன்றின்மேல் 1675இல் நிறுவிய வானாய்வகம். அதன் கூரையில் உள்ள சிவப்புப் பந்து 1833ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் பகல் ஒரு மணிக்கு விழுந்து, தேம்ஸ் ஆற்றிலுள்ள கப்பல்களுக்கு நேரம் அறிவித்தது. இன்றும் விழுகிறது. வாயிலில் ஷெப்பர்டின் கடிகாரம் இருக்கிறது. முற்றத்தில் சுழியப் பாகைத் தீர்க்கரேகை ஒரு கோடாகப் பதிக்கப்பட்டுள்ளது. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் 22 நாடுகள் இதை உலகின் முதல் தீர்க்கரேகையாக ஏற்றன; ஒரு நாடு எதிர்த்தது; பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் இன்றைய கருவிகளில் சுழியப் பாகை இந்தக் கோட்டுக்கு 102 மீட்டர் கிழக்கே காட்டும். புவியீர்ப்பின் உள்ளூர் வேறுபாட்டால் தூக்குக் குண்டு பூமியின் நடுவை மிகச் சரியாக நோக்காததே காரணம்.

நம் நாட்டில்

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. இங்கே லண்டனின் இடத்தில் இருந்தது சென்னை! 1792இல் சென்னையில் வானாய்வகம் கட்டப்பட்டது. தமிழ் எழுத்தும் பொறித்த அதன் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் உள்ளது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் சென்னை அமைந்திருந்ததாலும், இங்கிருந்து தந்தி வழியே நேரம் அனுப்ப முடிந்ததாலும், இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தை ஏற்றன. டெல்லியிலிருந்து புறப்படும் வண்டிக்கும் சென்னை நேரந்தான்.

எக்சிட்டரின் எதிர்ப்பு இங்கும் ஒலித்தது. 1881இல் பம்பாய் நகரில் சென்னை நேரத்தைப் புகுத்த அரசு முயன்றபோது மக்கள் எதிர்த்தனர். 1883இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு நேரம் சொல்லி வந்த சென்னையும் அன்று தன் நண்பகலை விட்டுக்கொடுத்தது. ஏறத்தாழ 9 நிமிடம்.

புறப்படுமுன்

பயணத்துக்குச் சில குறிப்புகள். பிரிட்டிஷ் ரயில் அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பரிலும் மாறுகின்றன. ஆகவே பழைய அட்டவணையை நம்பாதீர்கள். நேரங்கள் 24 மணி முறையில் இருக்கும். மலிவு விலையில் முன்கூட்டி வாங்கும் சீட்டு, குறித்த வண்டிக்கு மட்டுமே செல்லும். மார்ச்சு கடைசி ஞாயிறன்று அந்நாட்டுக் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள்; அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே கொண்டுவருவார்கள். அப்படியானால் கோடையில் ஆக்ஸ்போர்டின் உண்மையான நண்பகல் எத்தனை மணிக்கு? நீங்களே கணக்கிடலாம்.

பயணம் போக வாய்ப்பில்லாதவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் ஊரின் தீர்க்கரேகையைப் பள்ளி நிலப்படத்தில் பாருங்கள். அதை 82.5இலிருந்து கழித்து நான்கால் பெருக்குங்கள். யாழ்ப்பாணத்துக்கு 10 நிமிடம், திருநெல்வேலிக்கு 19 நிமிடம், கோயம்புத்தூருக்கு 22 நிமிடம் வரும். உங்கள் கடிகாரம் பன்னிரண்டு அடித்து இத்தனை நிமிடம் கழித்தே உங்கள் ஊருக்குச் சராசரி நண்பகல். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குறுகும் கணத்தைச் சில வாரங்கள் குறித்து வந்தால், முன்னே சொன்ன பிப்ரவரி, நவம்பர் வேறுபாடும் புலப்படும். அண்டை ஊர்களோடு ஒன்றாக வாழ்வதற்காக உங்கள் ஊர் விட்டுக்கொடுத்த நிமிடங்கள் எத்தனை என்பதை அந்த நிழல் சொல்லிவிடும்.